சோப்புக்காரன் நாடகமும் கோமளவல்லியின் சாவும்

கோமளவல்லி செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கினார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பிய்த்தது. மூக்குப் பஞ்சை உருவி மடியில் வைத்துக்கொண்டு, "நான் சிரிக்க மாட்டேன்" என்றது.

வானகரத்தில், பைபாஸிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் பங்களா அது. உச்சி வெயில். ஒலிப்பதிவில் இரைச்சல் கேட்கும் என்று ஏசியை நிறுத்தியிருந்தோம். ரோஜா மாலை, ஊதுபத்தி, முப்பது பேரின் வியர்வை எல்லாம் சேர்ந்து நிஜமான சாவு வீட்டு வாசனையே வந்துவிட்டது.

கோமளவல்லி என்பது எங்கள் தொடரில் வரும் மாமியார். அந்த வேடத்தில் ஆறு வருடமாக நடித்துக்கொண்டிருந்தவர் சகுந்தலா அக்கா. தொடருக்கு வசனம் எழுதியவன் நான். ஆகவே சாகடித்தவனும் நான்தான்.

இந்தப் பக்கங்களைப் படித்துவரும் ஆவடி வாசகி ஒருவர், "சீரியலை ஏன் சோப் ஓபரா என்கிறார்கள்? அந்தத் தொழிலில் இருந்தவர்தானே, எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதை நினைத்தாலே எனக்கு அந்தப் பெட்டிதான் கண் முன்னால் வருகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிணம் போட்ட நிபந்தனை

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் பதிவு செய்வார்கள். ஒளிபரப்புவதற்காக அல்ல. நடித்த சாவு அங்கேயே கழிந்துபோக வேண்டும், ஆளோடு வீடு வரைக்கும் போகக் கூடாது என்பதற்காக. சில யூனிட்டுகளில் பூசணிக்காயும் சுற்றி உடைப்பார்கள். எங்களிடம் சிரிப்பு மட்டும்தான்.

எங்கள் கேமராமேன் ஆறுமுகம் அண்ணன் இதில் படு கறார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஆனால் பிணம் சிரிக்காமல் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்ற மாட்டார். கார்டு கழன்றால்தான் எடிட்டிங். எடிட்டிங் முடிந்தால்தான் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எபிசோடு. இது சகுந்தலா அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் பெட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, வெளாடறியா?" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"வெளாடல ஆறு. நான் சிரிச்சேன்னா செத்தது செத்ததுதான். என்னிய கோமால போடச் சொல்லு. ரெண்டு மாசம் கழிச்சாச்சும் கண்ணத் தொறப்பேன். அப்பால சிரிக்கிறேன், எவ்ளோ வேணுமோ சிரிக்கிறேன்."

டைரக்டர் தயாளன் சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிரச்சினை என்று வந்தால் அவருக்கு உடனே போன் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. காதில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தவர், போகிற போக்கில் என் தோளைத் தட்டி, "நீ பேசுய்யா. உன் எழுத்துலதானே செத்தாங்க" என்றார்.

அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. சீரியலில் காணாமல் போவதற்குப் பல வழி உண்டு. துபாய்க்குப் போனவர் திரும்பி வருவார். காசிக்குப் போனவர் தாடியோடு வருவார். காரோடு மலையிலிருந்து உருண்டவரே முகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார். கோமாவில் கிடப்பவர் நல்ல நாள் பார்த்து விரலை அசைப்பார். ஆனால் போட்டோவில் மாலை விழுந்துவிட்டால் தீர்ந்தது. அந்த நடிகருக்கு மறுநாள் காலையில் படப்பிடிப்பு வண்டி வராது.

அக்காவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. நசரத்பேட்டைக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். அவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பாகங்கள் பூட்டும் வேலை பார்த்துவிட்டு, கம்பெனி மூடியதும் துணை நடிகை ஆனவர். பல வருடம் கூட்டத்தில் ஒருத்தி, ஆஸ்பத்திரி ஆயா, எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டம்மா. பெயர் வைத்த வேடமாக அவருக்குக் கிடைத்தது கோமளவல்லி ஒன்றுதான். அது போனால் திரும்பவும் கூட்டத்தில்தான் போய் நிற்க வேண்டும். அந்த வயதில் கூட்டத்துக்குக்கூடக் கூப்பிடுவார்களோ இல்லையோ.

சோப்பு எங்கிருந்து வந்தது

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். பிணம் காத்திருக்கட்டும்.

எனக்கே இது ரொம்ப நாள் தெரியாது. ஒருமுறை எழுத்தாளர்களுக்கெல்லாம் சானலில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஓட்டல் ஹால். வகுப்பெடுத்தவர் எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டார். "வழுக்கிக்கிட்டே போகும், கதை கையில நிக்காது" என்றார் ஒருவர். "நுரை நிறைய, சரக்கு கம்மி" என்றார் இன்னொருவர். அழுது அழுது மனசு வெளுத்துப்போகும் என்று பின் வரிசையில் ஒரு அம்மா சொன்னார். அதற்குப் பலத்த கைதட்டல். நான் சமோசாவில் கவனமாக இருந்தேன்.

விஷயம் அவ்வளவு கவித்துவமானது இல்லை. டிவி வருவதற்கு முன்பு, அமெரிக்காவில் ரேடியோ கொடிகட்டிப் பறந்த காலம். பகலில் ஆண்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் இருந்து ரேடியோ கேட்டவர்கள் பெண்கள். துவைப்பதும் துலக்குவதும் அவர்கள் தலையில். சோப்பு வாங்குவதும் அவர்களே. சோப்புக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? தினம் கால் மணி நேரம் ஒரு குடும்பக் கதைக்கு ஏற்பாடு செய்தான். முடியாத கதை, ஏனென்றால் நாளைக்கும் கேட்க வேண்டுமே. முன்னால் சோப்பு, பின்னால் சோப்பு, நடுவில் கண்ணீர். சில கதைகளைக் கம்பெனிகளே ஆள் வைத்து எழுதி வாங்கின.

ஓபரா என்பது வேறு உலகம். பெரிய அரங்கு, பட்டு உடுப்பு, உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டே உயிரை விடும் கதாநாயகி. அதைக் கேட்கப் போவதே ஒரு கௌரவம். இந்த மதிய நேர அழுகைக்குப் போய் அந்தப் பெரிய பெயரா என்று நக்கலாகப் பத்திரிகைகள் சோப்பையும் ஓபராவையும் ஒட்டவைத்தன. அதற்கு முன்பே, குதிரையும் துப்பாக்கியுமாகத் திரியும் கௌபாய் கதைகளை 'குதிரை ஓபரா' என்று கிண்டலடித்துப் பழகிய கை அது. வசவாக வைத்தது பெயராகவே நின்றுவிட்டது. ரேடியோ போய் டிவி வந்தது. சோப்போடு ஷாம்பூ, டயப்பர், மசாலாத்தூள் எல்லாம் சேர்ந்துகொண்டன. பெயரை யாரும் மாற்றவில்லை.

தமிழில் மேடைக்கு மேடை 'நெடுந்தொடர்' என்று மரியாதையாகச் சொல்கிறோம். எங்கள் பூந்தமல்லிப் பக்கம் பெண்கள் இன்னும் 'நாடகம்' என்றுதான் சொல்கிறார்கள். "நாடகம் போட்டாங்களா?" என்று கேட்டால் மணி இரண்டு என்று அர்த்தம்.

வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், துவைக்கிற கல்லுக்கு மேலே ஜன்னலில் டிரான்சிஸ்டர் இருக்கும். அப்பாவின் காக்கிச் சட்டை, கம்பெனி எண்ணெய்க் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரேடியோவில் நாடகம் வந்ததும் அம்மா தேய்ப்பதை நிறுத்திவிடுவார். கை நுரையோடு அப்படியே நிற்கும். விளம்பரப் பாட்டு வந்ததும் மறுபடி தேய்க்க ஆரம்பிப்பார். கம்பெனிக்காரன் பாவம், எதைக் கேட்கவைக்க நாடகம் போட்டானோ அதுதான் அம்மாவின் காதில் விழவே இல்லை. கடைசி வரைக்கும் அவர் வாங்கியது நாடார் கடையில் அறுத்துக் கொடுக்கும் பேர் இல்லாத நீலக் கட்டியைத்தான்.

நான் சொன்ன பெயர்

எங்கள் தொடருக்கும் ஒரு சலவைத்தூள் கம்பெனிதான் விளம்பரதாரர். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோமளவல்லி சாவதற்கு மூன்று வாரம் முன்பு, சானலில் எங்கள் தொடரைக் கவனித்துக்கொண்டிருந்த தம்பி போன் செய்தார். கதையில் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், இளம் பெண்களை இன்னும் உள்ளே இழுக்க வேண்டும், வீட்டுப் பெரியவர்களில் ஒருவரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் நினைக்கிறார்கள் என்றார். "கோமளவல்லியா, சித்தப்பா பரசுராமனா, உங்க விருப்பம் சார். யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

"கோமளவல்லி" என்றேன்.

"சார், அவங்களுக்கு நல்ல பேர் இருக்கு. ரெண்டு நாள் எடுத்துக்குங்களேன்."

"யோசிச்சாச்சு" என்றேன். போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

யூனிட்டில் எல்லோரிடமும் கம்பெனி உத்தரவு என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. சோப்புக்காரன் பேரைச் சொன்னால் இந்தத் தொழிலில் எதையும் நம்புவார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? வயிற்றெரிச்சல். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

கோமளவல்லி கதைப்படி கஷ்டப்பட்டு மேலே வந்தவள். ஆனாலும் பங்களாவில் இருக்கிறாளே என்று நான் அவளுக்கு நல்ல இலக்கணத் தமிழ் எழுதினேன். "என் மூச்சு உள்ளவரை இந்த இல்லத்தின் வாசற்படியை நீ மிதிக்க இயலாது" என்று ஒரு வசனம். எழுதிவிட்டு நானே இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அத்தனை பெருமை. சகுந்தலா அக்கா அதைக் கையில் வாங்கி, உதட்டை அசைத்துப் படித்து, கேமரா ஓடியதும் மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "நான் உசுரோட கீற வரிக்கும் இந்த ஊட்டாண்ட வந்து பாரு, செருப்பாலயே உன் முதுகுல கோலம் போடறேன்."

லைட் பிடித்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். தயாளன் சார் "இதையே வச்சுக்கலாம்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் தினமும் இதே கதைதான்.

ஒருநாள் கரையான்சாவடி மெயின் ரோட்டில் மளிகைக் கடையில் நிற்கிறேன். கம்பெனி யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்கள், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் போல. ஒருத்தி இன்னொருத்தியிடம் அந்தக் கோலம் வசனத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறாள். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். "இன்னாமா பேசுது அந்தம்மா!" என்றாள் மற்றவள். துவரம்பருப்புப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அந்தத் தொடருக்கு வசனம் என்று தினமும் திரையில் ஓடுவது என் பெயர். அதை ஒரு ஜென்மமும் படிப்பதில்லை.

சானல் தம்பி இரண்டு பெயரைச் சொன்னபோது, என் நாக்கு யோசிக்க நேரம் கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

பெட்டிக்குப் பக்கத்தில்

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுமுகம் அண்ணன், "நான் கேமராவ ஓட வுட்டுட்டு நிக்கறேன். எப்ப சிரிச்சாலும் சரி" என்று சொல்லிவிட்டு அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அக்கா, இது என் கையில இல்ல" என்று ஆரம்பித்தேன். வகுப்பில் கேட்ட கதை முழுவதையும் சொன்னேன். அமெரிக்கா, ரேடியோ, சோப்பு, ஓபரா, பத்திரிகைக்காரன் கிண்டல், எல்லாம். இந்தத் தொழில் பிறந்த நாளிலிருந்தே சோப்புக்காரன் சொத்து, யார் இருப்பது யார் போவது என்பதை அவன்தான் முடிவு செய்வான், நானும் நீங்களும் வெறும் நுரை என்று உருக்கமாக முடித்தேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் முழங்காலில் தாடையை வைத்துக் கவனமாகக் கேட்டார்.

"அப்போ, சோப்பு விக்கறதுக்கோசரமா நான் ஆறு வருசமா அயுதுகினு கீறேன்?"

"அப்படித்தான்கா. கம்பெனில உங்க கேரக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?"

"எனுக்கு சோப்பு போடாத நைனா" என்றார் சாதாரணமாக. "சானல் தம்பி காலைல போன் பண்ணிச்சு. பாவம், அயுவாத கொறையா பேசிச்சு. ரெண்டு பேரு சொல்லி, அதுல ஒண்ண உன்ன எட்துக்கச் சொல்லிச்சாம். நீ யோசிக்கக்கூட இல்ல, டக்குனு என் பேர சொன்னியாம். பரசுராமன் அண்ணாத்தே கீறாரு. நான் பூட்டேன்."

ஹாலில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. ஒருவர் சுற்றி வைத்த வயரையே மறுபடி பிரித்துச் சுற்றினார்.

"கோவம்லாம் இல்ல. ஏன் நானுன்னு மட்டும் சொல்லு. நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, சம்பளமே அதற்குத்தான். இரண்டு மூன்று தயாராகவும் இருந்தன. ஆனால் பிணத்துக்காகப் பவுடர் அப்பிய அந்த முகம், ஒரு கையெட்டும் தூரத்தில், பதிலுக்காகக் காத்திருந்தது. வாயில் வந்தது உண்மைதான்.

"நீங்க என் வசனத்தை மாத்திப் பேசுறீங்க."

"இன்னாது?"

"நான் எழுதுறது ஒண்ணு, நீங்க பேசுறது ஒண்ணு. ஜனங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது நீங்க பேசுனதை. கடையில என் எதிர்லயே பேசிக்கிறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது அக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அந்தக் கோலம் போடறன்னு சொன்னேனே, அதுக்கா?"

"அதுவும்தான்."

"அடப்பாவி! அதுக்கா என்னிய பொட்டில வச்ச?"

முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் மாலை குலுங்கியது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் கேட்டேயிராத சிரிப்பு. கோமளவல்லியின் சிரிப்பு எனக்குத் தெரியும், இது வேறு. கண்ணில் தண்ணீர் வந்து பவுடரில் கோடு கோடாக இறங்கியது. மூச்சு வாங்க, பழகிய ஆளிடம் சாட்சி சொல்வதற்காகத் திரும்பினார்: "கேட்டியா ஆறு, இந்தக் கூத்த!"

ஆறுமுகம் அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ஓகே" என்றார் அவர். "கேமராவ நேரா பாத்துச் சிரிச்சிட்டாங்க." சிவப்பு விளக்கு அணைந்தது. கார்டைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாக வாய்க்குப் போயிற்று.

"ஆறு, அது சேராது. நான் அதுக்கு சிரிக்கல ஆறு."

ஆறுமுகம் அண்ணன் கார்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சங்கடம்தான். என்னைப் பார்த்தார். "ரைட்டர் சொல்லட்டும். இந்தச் சிரிப்பு சேராது, அழின்னு ஒரு வார்த்த சொன்னா அழிச்சிடறேன். அப்பால கோமாவோ கீமாவோ, நீங்களாச்சு, டைரக்டராச்சு."

வயர் சுற்றியவர் சுற்றுவதை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சகுந்தலா அக்கா மட்டும் பார்க்கவில்லை. மடியில் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கோமாவுக்கு ஒரு காட்சி மாற்றி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். டாக்டர் வந்து "ஒரு நிமிஷம், நாடி இருக்கு" என்று சொன்னால் முடிந்தது. அந்த வசனத்தை அதற்கு முன் நாலு தொடரில் எழுதியிருக்கிறேன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு எபிசோடு போயாகணும்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

அக்கா மாலையைக் கழற்றிப் பெட்டி ஓரத்தில் போட்டார். இறங்குவதற்காக என் பக்கம் கையை நீட்டினார். நான் எழுந்து பிடித்தேன். அவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு எட்டு என் மேல் பாரம் கொடுத்துத்தான் நடந்தார். அப்புறம் கையை விடுவித்துக்கொண்டார்.

"காலைல சாவற சீன்ல கட்டில்ல படுத்துகினு கடைசியா பேசினேனே," என்றார், "அத்த ஒரு எழுத்துகூட மாத்தல. ராத்திரியெல்லாம் உருப்போட்டு, நீ எழுதுனத எழுதுன மாரியே சொன்னேன். கவனிச்சியா நைனா?"

நான் கவனித்திருக்கவில்லை.